கால் பணமும் முழத்துண்டும்

எங்கள் ஊர்ச் சுடுகாட்டுக்குப் போகிற வழியில், சீமைக் கருவேல மரங்களுக்கு நடுவே இடுப்பளவுக்கு ஒரு கல் நட்டிருக்கும். அரிச்சந்திரன் கல். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இதைப் பார்க்கலாம். பாடையை அங்கே இறக்கி வைப்பார்கள். வெட்டியான் வேலை பார்ப்பவர் அரிச்சந்திரன் பாட்டைச் சொல்லி அவனிடம் வழி கேட்பார். அதற்குப் பிறகுதான் பிணம் உள்ளே போகும். சின்ன வயதில் அது எனக்கு ஒரு செக்போஸ்ட் மாதிரித் தெரிந்தது. இப்போது யோசித்தால், அது செக்போஸ்ட்டேதான்.

அந்தக் கல்லுக்குரிய ஆளை நான் முதலில் பார்த்தது 2000ஆம் வருடம், மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில். எனக்கு அப்போது பதினோரு வயது. எங்கள் ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில். பொங்கல் என்றால் ஒருநாள் ராத்திரி கட்டாயம் ஸ்பெஷல் நாடகம் உண்டு. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறெங்கிருந்தோ. சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது, மேடையில்தான் சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து கைமாறி வந்த பாட்டும் வசனமும் அவரவர் தலைக்குள் இருக்கும். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிகிற வரைக்கும் போகும். அந்த வருடம் போட்டது அரிச்சந்திரா, மயான காண்டம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பொய் சொல்லாத அயோத்தி ராஜாவைப் பொய் சொல்ல வைக்கிறேன் என்று வசிஷ்டரிடம் சவால் விடுகிறார் விசுவாமித்திரர். நாடு போகிறது. அதற்கு மேலும் ஒரு கடன் பாக்கி நிற்கிறது. கடனை வசூலிக்க நட்சத்திரேசன் கூடவே நடந்து வருகிறான். காசியில் மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் காலகண்டய்யர் வீட்டுக்கு அடிமையாக விற்கிறான் அரிச்சந்திரன். தன்னை, சுடுகாட்டுக்கு அதிகாரியான வீரபாகுவுக்கு விற்றுக்கொள்கிறான். வேலை சுடுகாட்டுக் காவல். பிணத்துக்கு இவ்வளவு என்று வசூல் பண்ண வேண்டும். கால் பணமும் முழத்துண்டும் எஜமானுக்கு, வாய்க்கரிசி காவல்காரனுக்குக் கூலி.

ராத்திரி மூணு மணி இருக்கும். பாம்பு கடித்துச் செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள். அரைகுறையாக எரிந்து கிடந்த கட்டைகளைப் பொறுக்கித் தீ மூட்டுகிறாள். காவல்காரன் வந்து கொள்ளியைத் தட்டிவிடுகிறான். கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு எரி என்கிறான். அடிமைக்கு ஏது காசு என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே, விற்கலாமே என்கிறான். அவள் திடுக்கிட்டு நிற்கிறாள். ஏனென்றால் அவள் தாலி புருஷன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்பது வரம்.

இருட்டில் எதிரே நிற்பவன் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் மடியில் கிடப்பது யார் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. ரெண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுகிறார்கள். ஆர்மோனியக்காரர் உருக்கி எடுக்கிறார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிச்சந்திரன் சொல்கிறான்: வாய்க்கரிசி என் கூலி, அதை விட்டுவிடுகிறேன். கால் பணமும் முழத்துண்டும் எஜமானுடையது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

அன்றைக்குக் கூட்டத்திலிருந்து ஒரு கிழவி எழுந்து போய் ஸ்திரீபார்ட் கையில் ஒரு பத்து ரூபாய்த் தாளைத் திணித்தாள். "இந்தாத்தா, இதக் கட்டிட்டு எரி." மேடையும் கூட்டமும் சேர்ந்து அழுதது. என் பக்கத்தில் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் கிழவியை நான் ரொம்ப நாள் மனிதாபிமானத்துக்கு உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது வேறொன்று உறுத்துகிறது. ஐந்நூறு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தர்கூட, "யோவ், பெத்த பிள்ளையா, விட்டுத் தொலைய்யா" என்று சத்தம் போடவில்லை. எங்கள் எல்லாருடைய இரக்கமும் கட்டணத்தைக் கட்டுவதற்குத்தான் உதவியது.

*

அப்பா அப்போது ஒரு சின்னப் பயராபீஸில் கணக்கப்பிள்ளை. எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலை என்று யாரும் வாயால் சொல்வதில்லை. பயராபீஸ், தீப்பெட்டியாபீஸ், அவ்வளவுதான். ஒரு பைசா எடுக்காதவர் என்று பெயர். பீஸ் கணக்கில் பத்துக் கட்டு கூடச் சொன்னால் திரும்ப எண்ண வைப்பார், பத்துக் கட்டு குறைத்துச் சொல்லிவிட்டால் அவரே கூப்பிட்டுக் கொடுப்பார். ஆட்கள் முதுகுக்குப் பின்னால் அவரை அரிச்சந்திரன் என்பார்கள். அதில் பாதி கிண்டல், பாதி மரியாதை.

நாடகம் பார்த்ததற்கு அடுத்த வருடம், தீபாவளிக்கு ரெண்டு மாதம் இருக்கும்போது மருந்து ரூமில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவரை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மூணாம் நாள் இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் முதலாளி அப்பாவிடம் பணம் கொடுத்து அனுப்பினார். டி.வி.எஸ். 50இல் நானும் பின்னால் உட்கார்ந்து போனேன், எதற்கென்று ஞாபகமில்லை.

மொத்தம் 25,000. அதில் இறந்தவர் வாங்கியிருந்த அட்வான்ஸ் 4,000. வரவு வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடு என்று முதலாளி சொல்லியிருந்தார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து 21,000த்தை ரெண்டு தடவை எண்ணினார். அந்த அக்கா ஒரு தாளில் கைநாட்டு வைத்தார். வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த நாலாயிரத்த விட்டுக்குடுத்தா என்னண்ணே?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அது என் காசு இல்லையே தாயி."

அப்புறம் சட்டைப்பையிலிருந்து 500 ரூபாய் எடுத்து, அவருடைய சொந்தக் காசு, அந்த அக்காவின் சின்னப் பிள்ளை கையில் கொடுத்தார். திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. இந்த வசனத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று மட்டும் தோன்றியது.

*

அரிச்சந்திரன் கதையை உண்மையின் கதையாகத்தான் எல்லாரும் படித்திருக்கிறோம். சிறுவயதில் இந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, எல்லாரும் ஏன் அரிச்சந்திரனைப்போல இருக்கக் கூடாது என்று ராத்திரி பகலாகத் தன்னையே கேட்டுக்கொண்டதாகக் காந்தி எழுதியிருக்கிறார். 1913இல் ஃபால்கே எடுத்த முதல் இந்தியக் கதைப்படமும் இதுதான். ஆனால் மயான காண்டத்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அங்கே யாரும் பொய் சொல்லவில்லை, சொல்லும்படி யாரும் கேட்கவும் இல்லை. சந்திரமதி கேட்டது ஒரு கட்டணத் தள்ளுபடி. அதற்கு உண்மை என்று எப்படிப் பெயர் வந்தது?

நாடகத்தில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். விசுவாமித்திரர் அந்த நேரத்தில் சுடுகாட்டில் இல்லை. வீரபாகு வீட்டில் தூங்குகிறான். காசி ராஜா அரண்மனையில். கணக்குப் பார்க்க ஆளில்லை, ரசீது புத்தகம் இல்லை. கால் பணம் குறைந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் அந்த ராத்திரி காசியின் ஒழுங்கு இம்மிகூடக் குலையவில்லை. அதைத் தனியாகத் தாங்கி நின்றது ஒரே ஒரு நல்ல மனுஷன்.

இதோடு சோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி'யை வைத்துப் பார்க்கலாம். அதுவும் ஒரு பிணத்தை அடக்கம் செய்வதைப் பற்றிய நாடகம். புதைக்கக் கூடாது என்று ராஜா கிரயான் உத்தரவு போட்டும், ஆன்டிகனி தன் அண்ணனுக்கு மண் போடுகிறாள். அங்கேயும் ஒரு காவல்காரன் வருகிறான். சரியான பயந்தாங்கொள்ளி. செய்தியை ராஜாவிடம் யார் சொல்வது என்று காவல்காரர்கள் சீட்டுப் போட்டுப் பார்க்க, மாட்டிக்கொண்டவன். வரும் வழியெல்லாம் திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்கிறான். அவளைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, பாவம்தான், ஆனால் என் தலை தப்பியதே என்கிறான். நாம் சிரிக்கிறோம். ஆனால் இப்படிப்பட்ட ஆட்களை வைத்து ஆள்வது எவ்வளவு கஷ்டம்! கிரயான் முழு நேரமும் மேடையில் நின்று கத்த வேண்டியிருக்கிறது, மிரட்ட வேண்டியிருக்கிறது. கடைசியில் அவன் குடும்பமே அழிகிறது. பயத்தை வைத்து நடத்துகிற ஒழுங்கு ராஜாவைத் தூங்க விடாது. வீரபாகு தூங்குகிறான். அவனுக்கு அரிச்சந்திரன் கிடைத்திருக்கிறான்.

பங்கு பிரிக்கிற இடம்தான் இதில் சூட்சுமம். என் கூலியை விடுகிறேன், எஜமான் பங்கை விட மாட்டேன். இந்த ஒரு வாக்கியத்தில் உலகம் ரெண்டாகிவிடுகிறது. இரக்கப்படலாம், தாராளமாக, உன் பங்குக்குள். அதற்கு அந்தப் பக்கம் இருப்பது சட்டம், அதைத் தொட முடியாது. கல்நெஞ்சுக்காரன் இதைச் சொன்னால் கோபம் வரும். தன் சொந்தக் கூலியைக் கண்ணீரோடு விட்டுக்கொடுப்பவன் சொல்லும்போது என்ன செய்ய முடியும்? சந்திரமதியால் சண்டைகூடப் போட முடியவில்லை. காசு கேட்டு இருட்டில் திரும்பி நடக்கிறாள்.

அப்படி நடந்து போகும்போதுதான் அடுத்தது. காசி ராஜாவின் பிள்ளையைத் திருடர்கள் கொன்று போட்டிருக்க, பழி அவள் மேல் விழுகிறது. சிரச்சேதம் என்கிறான் ராஜா. வேலை வீரபாகுவிடம் வருகிறது. வீரபாகு காவல்காரனிடம் தள்ளிவிடுகிறான். கொலை உத்தரவு மேலிருந்து கீழே கைமாறி வருகிறதே தவிர, ஒருத்தரும் அதைத் தன்னுடையது என்று நினைப்பதில்லை. கால் பணத்தை விட முடியாதவனால் வாளை மட்டும் எப்படிக் கீழே போட முடியும்? ஓங்குகிறான். வாள் மாலையாகிறது, தேவர்கள் வருகிறார்கள், பிள்ளை எழுந்திருக்கிறான், நாடு திரும்புகிறது. எங்கள் ஊரில் அப்போது சரியாகப் பொழுது விடியும். நல்லவேளை தேவர்கள் வந்தார்கள். மதுரைக்குக் கொண்டுபோன மூணாம் நாள் யாரும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மார்க்கண்டேய புராணத்தில், அரிச்சந்திரனை விலைக்கு வாங்கிய சண்டாளன் கடைசியில் தர்ம தேவதையே என்று தெரிகிறது. வேஷம். ஒரு ராஜா வெட்டியானுக்கு அடிமையானான் என்கிற, தலைகீழ்ப் புரட்டல் போலத் தெரிகிற ஒரு விஷயத்தைக்கூடக் கதை கடைசியில் சரிபண்ணிவிடுகிறது. ராஜா உண்மையில் வெட்டியானுக்குக் கைகட்டி நிற்கவில்லை, தெய்வத்துக்குத்தான். அப்படியானால் அந்தச் சுடுகாட்டில் நிஜமான வெட்டியான் எங்கே போனான்? அவனுக்குக் கதையில் இடமே இல்லை. எங்கள் ஊர்க் கல்லுக்கு முன்னால் நின்று பாடுபவருக்கு இது தெரியுமோ என்னவோ.

*

இதே மேடையில் நேரெதிரான வேஷம் ஒன்றும் நடந்திருக்கிறது, அதுவும் எங்கள் பக்கத்து ஆளால். விஸ்வநாததாஸ், 1886இல் சிவகாசியில் பிறந்தவர். மருத்துவர் குலம், அதாவது முடிதிருத்துகிற சமூகம். 'வள்ளி திருமண'த்தில் முருகன் வேஷத்துக்குப் பெயர் போனவர். அரிச்சந்திரன் கதையில் தெய்வம் கீழ்ச்சாதி வேஷம் போட்டது. இங்கே, ஊர் கீழே வைத்த ஒருவர் தெய்வ வேஷம் போட்டார்.

வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுகிறாள் அல்லவா? அங்கே முருகன் நின்றுகொண்டு வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். எந்த வெள்ளை என்று கூட்டத்துக்குத் தெரியும், முன்வரிசையில் நிற்கிற போலீஸுக்கும் தெரியும். அரசாங்கத்துக்கு எதிராக உணர்ச்சியைக் கிளப்புகிற நாடகங்களைத் தடுக்க 1876லேயே சட்டம் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டம் ஒழிந்தது 2018இல்தான் என்பது தனிக் கூத்து. ஆனால் தடை பண்ணுவதற்கு 'வள்ளி திருமண'த்தில் என்ன இருக்கிறது? சாமி கதை. ஒத்திகை இல்லாத, ராஜபார்ட் எங்கே வேண்டுமானாலும் பாட்டை நுழைக்கக்கூடிய ஸ்பெஷல் நாடகத்தை எந்தக் காகிதத்தில் தணிக்கை பண்ணுவது? திரும்பத் திரும்பக் கைது பண்ணினார்கள், சிறைக்குப் போய்ப் போய் வந்தார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், மேடையில், மயில்மேல் முருகனாக உட்கார்ந்தபடியே இறந்துபோனார்.

அவர் செய்ததை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அவர் தன் சொந்தப் பங்கிலிருந்து மட்டும் கொடுக்கவில்லை. தன்னுடையது அல்லாத ஒன்றை, முருகனின் வாயை, எடுத்துச் செலவழித்தார். காவல்காரன் கால் பணத்தை விட்டுக்கொடுப்பதற்கு இதுதான் அர்த்தம். பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டதை, ஒப்படைத்தவன் சொல்லாத இடத்தில் செலவழிப்பது. அதற்கு நேர்மை என்று பெயர் வைக்க முடியுமா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. நம்பிக்கைத் துரோகம் என்றும் அதைச் சொல்லலாம். அரசாங்கம் அப்படித்தான் சொன்னது.

இவரை வைத்து ரொம்பவும் புல்லரித்துக்கொள்ளவும் வேண்டாம். முருகனாக நின்றபோதும், சாதியைச் சொல்லி இவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகள் இருந்தார்கள். பிற்பாடு மதுரையில் கம்யூனிஸ்ட் தலைவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆன கே.பி. ஜானகி அம்மாள் போன்றவர்கள் சேர்ந்து நடித்தார்கள். பிரிட்டிஷ் ஒழுங்குக்குச் சட்டம் வேண்டியிருந்தது, போலீஸ் வேண்டியிருந்தது. இந்த இன்னொரு ஒழுங்குக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை.

*

நான் பெங்களூரில் கடன் கொடுக்கிற ஒரு நிறுவனத்துக்காகக் கொஞ்ச காலம் மென்பொருள் எழுதினேன். கடன்காரர் கணக்கில் பணம் விழுந்தால் எந்த வரிசையில் கழிக்க வேண்டும் என்கிற பகுதி என்னுடையது. முதலில் அபராதம், பிறகு வட்டி, மிச்சமிருந்தால் அசல். தவணை தவறியவர் ஆயிரம் ரூபாய் கட்டினாலும் அசல் அசையாமல் நிற்கும். ஒரு பைசா பிசகாமல் எழுதினேன். நாற்பது சோதனைகள் எழுதி, நாற்பதும் பச்சை. என் மேனேஜர் பாராட்டினார். அன்று ராத்திரி ரூமுக்கு வந்து படுத்தபோதுதான் அந்தத் திண்ணை ஞாபகம் வந்தது. அப்பாவிடமாவது அந்த அக்கா நேரில் கேட்டார், அப்பா தலையைக் குனிய வேண்டியிருந்தது. என்னிடம் யாரும் கேட்கப்போவதில்லை. 500 ரூபாய் கொடுக்க எனக்குச் சட்டைப்பையும் இல்லை.

வேலையை அப்போதே உதறினேன் என்று எழுத ஆசைதான். பதினான்கு மாதம் கழித்து, சம்பளம் கூடக் கிடைத்ததால் மாறினேன்.

அந்தக் காலத்தில்தான் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1923இல் வந்த சட்டம். வேலையில் ஒருவர் இறந்தால் இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும் என்றது அது. குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது இழப்பீடாகவே கணக்கில் வராது என்றது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் செல்லாது என்றது. சட்டப்படி போயிருந்தால் 25,000 அல்ல, அதன் பல மடங்கு வந்திருக்கும். எனக்குத் தலை சுற்றியது. இத்தனை வருடமாக நான் அந்த நாலாயிரத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா அவ்வளவு சுத்தமாகக் கணக்குச் சொன்னதால், கணக்கில் வராத பெரிய தொகையைப் பற்றி யாருக்குமே கேள்வி வரவில்லை. வேறு யாராவது ஒரு திருட்டுப்பயல் அந்தப் பணத்தைக் கொண்டுபோயிருந்தால் அந்த அக்கா சந்தேகப்பட்டிருப்பார். நாலு பேரைக் கேட்டிருப்பார், சங்கத்துக்குப் போயிருப்பார். கொண்டுபோனது அரிச்சந்திரன். படிக்கத் தெரியாத தாளில் பேசாமல் கைநாட்டு வைத்தார். முதலாளி அன்று அனுப்பிவைத்தது பணத்தை மட்டுமல்ல, அப்பாவின் பெயரையும்தான்.

போன வருடம் இதை அப்பாவிடம் கேட்டேவிட்டேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கோபப்படவில்லை. "நான் போகலேன்னா வேற ஒருத்தன் போயிருப்பான். அவன் இருபத்தோராயிரத்துல அஞ்ச அமுக்கியிருப்பான். அது ஒனக்குத் தெரியாது" என்றார். எனக்குத் தெரியும். அப்படி அமுக்கியவர்களை எனக்கே தெரியும். அந்த வீட்டில் அந்த மாதம் அரிசி வாங்கியது அப்பா அமுக்காத அந்த ஐயாயிரத்தில்தான் இருக்கலாம். இந்த வாதத்தை என்னால் இன்றுவரை உடைக்க முடியவில்லை. "சட்டம் தெரியுமாப்பா ஒங்களுக்கு?" என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தேன். முடியெல்லாம் நரைத்திருந்தது. அவர்தான் என்னை அடையாளம் கண்டார். "கணக்கப்பிள்ளை மகன்தான? அப்பா நல்லாருக்காகளா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பையன் திருப்பூரில் இருக்கிறானாம், பேத்தி பிறந்திருக்கிறதாம். "அவுக மாதிரி ஆளு இப்ப எங்க இருக்காக. ஒரு பைசா முன்னபின்ன இருக்காது" என்றார். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். எப்படி இருக்கிறாள், பிள்ளைகள் என்ன செய்கின்றன என்று எல்லாம் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"அந்த நாலாயிரத்தப் பத்தி எதும் சொன்னாளா?"

"இல்லப்பா" என்றேன்.